கேளுங்கள், சொல்கிறேன்: எங்கா மலைநாடு

(பப்புவா நியூ கினியின் எங்கா மாகாணத்தில் புவியியல் ஆசிரியராக வேலை பார்த்தவர், சென்ற இதழில் அந்த ஊரைப் பற்றி எழுதியிருந்தார். வாசகர்களின் கேள்விகளுக்கு இங்கே அவரே பதில் சொல்கிறார்.)

பூமத்திய ரேகைக்கு இவ்வளவு பக்கத்தில் உறைபனி விழுமா ஐயா? விழுந்தால் பயிர் என்ன ஆகும்?
வாசகி, குன்னூர்

விழும் அம்மா. ஊட்டியில் புல் வெளுத்துக் கிடப்பதற்கு என்ன காரணமோ, அதேதான் அங்கேயும்: உயரம். மாகாணத் தலைநகர் வாபாக் ஏறக்குறைய 2,000 மீட்டரில் இருக்கிறது. காண்டெப் சமவெளி அதற்கும் மேலே. மேகம் மூடிய இரவுகளில் பயமில்லை. மழை பொய்த்து வானம் தெளிந்துவிட்டால்தான் வினை. மண்ணின் சூடு மேலே போய்விடும். குளிர்ந்த காற்று சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். 1972, 1997, 2015 எல்லாமே எல் நினோ ஆண்டுகள், அதாவது பசிபிக் கடல் சூடேறி அந்தப் பக்கம் மழை பொய்த்த ஆண்டுகள். அப்போது தோட்டம் தோட்டமாகக் கருகியது.

அங்கே சோறு என்றால் சர்க்கரைவள்ளிக்கிழங்குதான். பேச்சில் ‘கௌகௌ’ என்பார்கள். அதைப் பாத்தி கட்டி நடுவதில்லை, மேடு கட்டி நடுகிறார்கள். ஒவ்வொரு மேடும் ஏறக்குறைய மூன்று மீட்டர் அகலம் இருக்கும். மண்ணை வட்டமாகக் கூட்டி, நடுக்குழியில் பழைய கொடி, களை, புல் எல்லாவற்றையும் அடைத்து, அது மக்கத் தொடங்கிய பிறகு மண்ணால் மூடுவார்கள். அப்புறம்தான் கொடித்துண்டு ஊன்றுவது. மக்கும் தழை மண்ணுக்கு உரமாகிறது, கொஞ்சம் சூடும் கொடுக்கிறது. குளிர்காற்று மேட்டில் நிற்காமல் வழிந்து கீழே இறங்கிவிடுகிறது. லேசான பனியில் மேட்டின் அடியில் இருக்கும் இலை கருகினாலும் உச்சியில் இருப்பது பிழைக்கும்.

அறுவடை பெண்கள் கையில்தான். மேட்டைக் கலைக்க மாட்டார்கள். ஓரத்தில் கையை விட்டுத் துழாவி, முற்றிய கிழங்கை மட்டும் எடுத்துக்கொண்டு மண்ணைத் தள்ளி மூடிவிடுவார்கள். பிஞ்சு உள்ளேயே வளரும். பெரிய கிழங்கு வீட்டுக்கு, பொடிக்கிழங்கு பன்றிக்கு. கடும்பனி எல்லாவற்றையும் அழித்துவிட்டால், பன்றிகளை ஓட்டிக்கொண்டு தாழ்வான பள்ளத்தாக்கில் இருக்கும் சொந்தக்காரர்களிடம் போய், தோட்டம் தேறும்வரை தங்குவார்கள். அதனாலேயே தூரத்தில் பெண் எடுப்பதையும் கொடுப்பதையும் மிக அக்கறையாகச் செய்வார்கள்.

அந்த நாட்டில் 800 மொழிகளுக்கு மேல் இருக்கின்றனவாமே, பாடம் எப்படி நடத்தினீர்கள்?
வாசகர், தேனி

எங்கா இதற்கு விதிவிலக்கு. மாகாணத்தில் பெரும்பாலோருக்கு ஒரே தாய்மொழி, எங்கா. வட்டாரத்துக்கு வட்டாரம் பேச்சு மாறும், அவ்வளவுதான். வகுப்பில் ஆங்கிலம், சந்தையில் நாட்டின் பொதுப்பேச்சு மொழியான டோக் பிசின். சமாளித்துவிடலாம்.

1930-களில்தான் வெளியுலகம் அவர்களைக் கண்டுபிடித்தது என்று படித்தேன். அதுவரை கற்கால வாழ்க்கைதானா?
பள்ளி மாணவர், பெரம்பலூர்

தம்பி, இந்தக் கேள்விக்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். 1933-ல் தங்கம் தேடிப்போன ஆஸ்திரேலியர்களான லீஹி சகோதரர்களும் அரசு அதிகாரி ஜிம் டெய்லரும் பக்கத்திலுள்ள வாகி பள்ளத்தாக்கின் மேல் விமானத்தில் பறந்தார்கள். ஆளில்லாத மலை என்று நினைத்திருந்த இடத்தில் அவர்கள் பார்த்தது, கட்டம் கட்டமாகத் தோட்டங்கள். அதே மேட்டுநிலத்தில் குக் என்ற சதுப்பு நிலம் இருக்கிறது. அங்கே மண்ணுக்கடியில் கிடைத்த வாய்க்கால்களும் மேடுகளும், குறைந்தது 7,000 ஆண்டுகளாக அந்த மக்கள் சேம்பும் வாழையும் பயிரிட்டதைக் காட்டுகின்றன. 2008-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

கோடாரி கல்லில் இருந்தது உண்மை. அதை வைத்து அவர்கள் அறிவை அளக்கக் கூடாது. எங்காவின் உப்பூற்றுகளில் தாவரங்களை ஊறவைத்து, எரித்து, அந்தச் சாம்பல் உப்பைத் தொலைதூர மலைகளுக்கு விற்றவர்கள் அவர்கள். அமெரிக்கக் கண்டத்துக் கிழங்கான கௌகௌ அங்கே வந்து சில நூறு ஆண்டுகள்தான் ஆகின்றன. சேம்புக்கு ஆகாத உயரத்திலும் அது விளையும் என்று கண்டுகொண்டு, மேலே மேலே குடியேறி, பன்றி வளர்ப்பைப் பெருக்கி, ஊர் வாழ்க்கையையே மாற்றிக்கொண்டார்கள்.

பன்றியை நம் மொய் போலக் கொடுத்து வாங்குவார்களாமே?
வாசகர், பேராவூரணி

மொய் விருந்து நடக்கும் ஊர்க்காரர் நீங்கள், சட்டென்று புரியும். அதற்குப் பெயர் ‘டீ’. மொய் இரண்டு வீட்டுக் கணக்கு. டீ பல குலங்களைக் கோத்த சங்கிலி. இப்போது அது நடப்பதில்லை, நான் சொல்வது அந்தக் காலத்து வழக்கம். முதலில் பன்றிக்குட்டி, சிப்பி, கோடாரி எல்லாம் குலம் குலமாகக் கைமாறி ஒரு திசையில் போயின. பின்பு அதற்கு ஈடாகப் பெரிய பன்றிகள் எதிர்த்திசையில் வந்தன. வரிசையாக முளை அடித்துக் கட்டி, ஊர் பார்க்கத்தான் கொடுத்தார்கள். பிறகு அந்தப் பன்றிகளின் இறைச்சி, அவை வந்த வழியே ஒருமுறை திரும்பியது. நோட்டு கிடையாது, எல்லாம் நினைவுக் கணக்கு. மேடையில் பேசிப் பெயர் வாங்கியவர்கள் ஆண்கள். அந்தப் பன்றிகளுக்குக் கிழங்கு போட்டு வளர்த்தவர்கள் பெண்கள். எந்தப் பன்றி யாருக்குப் போகும் என்பதில் அவர்கள் சொல்லுக்கும் இடம் இருந்தது. கல்யாணப் பரிசத்திலும், சண்டைக்குப் பின் கொடுக்கும் ஈட்டுத்தொகையிலும் இன்றைக்கும் பன்றி உண்டு, கூடவே பணமும்.