முதல் முறையாக மும்பை போகிறேன், இரண்டு நாள்தான் இருக்கிறது, எங்கே தொடங்குவது?

தெற்கு மும்பையில் தொடங்குங்கள். அந்தப் பகுதியை நடந்தே பார்க்கலாம். சத்ரபதி சிவாஜி ரயில் நிலையத்தின் முகப்பை எதிர்ப்புறம் நின்று நிதானமாகப் பாருங்கள். 2004-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கட்டடம் அது. அங்கிருந்து ஓவல் மைதானம் போனால் ஒரு பக்கம் உயர்நீதிமன்றம் போன்ற விக்டோரியா காலக் கட்டடங்கள், மறுபக்கம் 1930-களின் ஆர்ட் டெகோ என்ற கட்டடப் பாணியில் அமைந்த குடியிருப்புகள். இந்த ஊரில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். பலர் கடலோர நினைவு வளைவான கேட்வே ஆஃப் இந்தியாவில் படம் எடுத்துவிட்டு இதைத் தவறவிடுகிறார்கள்.

மாலையில் மரைன் டிரைவ் கடற்கரைச் சாலை. மறுநாள் காலை கேட்வேயிலிருந்து படகில் எலிஃபன்டா குகைத் தீவு. ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். திங்கட்கிழமை குகைகள் மூடியிருக்கும்.

மின்சார ரயிலில் கட்டாயம் ஏறுங்கள், ஆனால் அலுவலக நேரத்தில் வேண்டாம். காலையில் தெற்கு நோக்கியும் மாலையில் வடக்கு நோக்கியும் கூட்டம் நெரியும். வெஸ்டர்ன், சென்ட்ரல் என இரண்டு முக்கியத் தடங்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவதற்குத் தாதர் நிலையம் வசதி. ஃபாஸ்ட் வண்டி எல்லா நிலையத்திலும் நிற்காது, அறிவிப்புப் பலகையைப் பார்த்து ஏறுங்கள். அப்புறம், தெற்கு மும்பைக்குள் ஆட்டோ வராது, டாக்சிதான்.

நம்ம ஊர்ச் சாப்பாடு தேடினால் மாட்டுங்கா கிழக்கு. தமிழர்கள் பல தலைமுறையாக வாழும் பகுதி. காலை இட்லிக்கும் ஃபில்டர் காபிக்கும் அங்கே போகலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை கடுமையாக இருக்கும். நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் போவது நல்லது.