வில்லேஜ் போர்டு தடை போட்டால் வீட்டிலுள்ள பிஸ்டலை ஒப்படைக்க வேண்டுமா?

கேள்வி: சிகாகோவுக்கு வடக்கே ஒரு புறநகரில் இருக்கிறோம். எங்கள் வில்லேஜில் கைத்துப்பாக்கி வைத்திருப்பதையே தடை செய்யக் கோரி சிலர் கையெழுத்து வாங்குகிறார்கள். அடுத்த வாரம் ஊராட்சி மன்றமான வில்லேஜ் போர்டின் கூட்டத்தில் விவாதம். எனக்கு கிரீன் கார்டு உண்டு. ஃபாய்டு கார்டு (துப்பாக்கி வைத்திருக்க எங்கள் இல்லினாய் மாநிலம் தரும் அடையாள அட்டை) எடுத்து முறைப்படி வாங்கிய பிஸ்டல் வீட்டில் இருக்கிறது. தடை வந்தால் ஒப்படைக்க வேண்டுமா? விஷயம் அடங்கும்வரை எங்களோடு தங்கியிருக்கும் மைத்துனரிடம் கொடுத்து வைக்கலாமா? அவர் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறார். பையனுக்கு 15 வயது. கூட்டத்தில் நானும் பேசலாமா?

பதில்: மைத்துனர் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். கொடுக்காதீர்கள். எச்-1பி, எச்-4, எஃப்-1 போன்ற தற்காலிக விசாக்களில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது ஃபெடரல் குற்றம். வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு என்றாலும் அவற்றை நம்பி இறங்க வேண்டாம். ஃபாய்டு கார்டு இல்லாதவரிடம் கொடுத்தால் இல்லினாய் சட்டப்படி நீங்களும் மாட்டுவீர்கள். துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால் கிரீன் கார்டு இருந்தும் நாடுகடத்தலாம் என்று குடியேற்றச் சட்டம் சொல்கிறது. போர்டு போடப்போகும் தடையைவிட இதுதான் உங்கள் குடும்பத்துக்குப் பெரிய ஆபத்து.

சரி, தடைக்கு வருவோம். உங்கள் பக்கத்து ஊரான மார்ட்டன் க்ரோவ்தான் இதற்கெல்லாம் தொடக்கம். 1981-ல் அங்கே ஒரு துப்பாக்கிக் கடை வரப்போகிறது என்ற பேச்சிலிருந்து கிளம்பிய எதிர்ப்பு, கைத்துப்பாக்கி வைத்திருப்பதற்கே தடையாக முடிந்தது. அமெரிக்காவில் ஓர் ஊர் அப்படிச் செய்தது அதுவே முதல் முறை. ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1982-ல் அந்தத் தடை செல்லும் என்றது. அதே ஆண்டு, இதற்குப் பதிலடியாக ஜார்ஜியாவின் கென்னசா ஊர், வீட்டுக்கு ஒரு துப்பாக்கி கட்டாயம் என்று விதி போட்டது! சிகாகோ, ஓக் பார்க், வில்மெட் என்று இங்கேயும் தடைகள் வரிசையாக வந்தன.

அந்தக் காலம் முடிந்துவிட்டது. வாஷிங்டன் நகரத் தடையை உச்ச நீதிமன்றம் 2008-ல் 5-4 என்ற கணக்கில் ரத்து செய்தது. தற்காப்புக்காக வீட்டில் கைத்துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்றது. மார்ட்டன் க்ரோவும் வில்மெட்டும் அந்த ஆண்டே தடையை விலக்கிக்கொண்டன. சிகாகோவும் ஓக் பார்க்கும் விடாமல் வழக்காடின, 2010-ல் தோற்றன. அந்த உரிமை மாநிலங்களையும் ஊர்களையும் கட்டுப்படுத்தும் என்று தீர்ப்பு வந்தது. எதிர்த் தரப்பு வக்கீல் கட்டணமும் இவர்கள் தலையில் விழுந்தது. கட்டியது ஊரார் வரிப்பணம்.

அப்புறம் 2013-ல் இன்னொரு கதவும் மூடியது. செல்லுபடியாகும் ஃபாய்டு கார்டு உள்ளவர் கைத்துப்பாக்கி வைத்திருப்பதை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் மாநிலத்துக்கு மட்டுமே என்று இல்லினாய் சட்டம் எழுதிவிட்டது. ஆகவே உங்கள் போர்டு இன்று தீர்மானம் போட்டாலும், அதை நம்பி யாரும் உங்கள் பிஸ்டலைப் பறித்துவிட முடியாது. கார்டு காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். (செமி ஆட்டோமேட்டிக் ரைபிள்களின் கதை வேறு. சிகாகோ புறநகரான ஹைலண்ட் பார்க்கில் 2022-ல் ஊர்வலத்தின் மீது நடந்த துப்பாக்கிச்சூட்டுப் படுகொலைக்குப் பிறகு 2023 ஜனவரியில் மாநிலமே அவற்றில் பலவற்றைத் தடை செய்தது.)

கையெழுத்து வாங்குகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் பயம் நியாயமானது, தட்டும் கதவுதான் தவறு. அமெரிக்காவில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கும் மேல் தற்கொலை செய்துகொள்பவர்கள். கூட்டத்தில் ஒரு தரப்பு திருடனைப் பற்றியே பேசும், இன்னொரு தரப்பு பள்ளிக்கூடத்தைப் பற்றியே பேசும். வீட்டு அலமாரியைப் பற்றிப் பேச ஆள் இருக்காது. உங்கள் வீட்டில் 15 வயதுப் பையன் இருக்கிறான் என்பதால் சொல்கிறேன்: பரீட்சையில் தோற்ற இரவில் அவன் கைக்கு எட்டும் இடத்தில் அந்த பிஸ்டல் இருக்கக் கூடாது. 2026 தொடக்கத்திலிருந்து இல்லினாய் சட்டமும் அதையே கேட்கிறது. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவரோ, துப்பாக்கி வைத்திருக்கத் தடையுள்ளவரோ எடுக்க வாய்ப்பிருந்தால் பூட்டி வைத்தே ஆக வேண்டும். மைத்துனரும் அந்த இரண்டாவது வகைதான். எனவே பெட்டகத்தின் எண் உங்களுக்கு மட்டும் தெரியட்டும். தோட்டாக்களைத் தனியே பூட்டுங்கள். பல காவல் நிலையங்களில் கேபிள் பூட்டு இலவசமாகவே கிடைக்கும், கேட்டுப் பாருங்கள்.

கூட்டத்தில் தாராளமாகப் பேசலாம். பொதுக் கூட்டங்களில் எவரும் அதிகாரிகளிடம் பேச இல்லினாய் சட்டம் இடம் தருகிறது, குடியுரிமை தேவையில்லை. நேரம் பெரும்பாலும் சில நிமிடங்கள்தான், அதனால் அரசியல் சாசனத்தை விளக்கப் போகாதீர்கள். வில்லேஜ் வக்கீலிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: 2013 சட்டத்தை மீறி வழக்கு வந்தால் செலவு எவ்வளவு, அந்தப் பணத்தில் எத்தனை வீடுகளுக்குப் பெட்டகம் கொடுக்கலாம்? எந்தத் தரப்பில் இருந்தாலும் இந்தக் கேள்வியைக் கேட்கலாம். பிஸ்டலை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். மறைத்து எடுத்துச் செல்லும் உரிமம் இருந்தாலும் உள்ளாட்சிக் கட்டடத்துக்குள் அதற்கு அனுமதி கிடையாது.