பழங்காலத் தொழில்நுட்பம்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

கான்கிரீட் பரிசோதனைதான் என் தொழில். அதனால் முதல் கேள்விக்கான பதில் நீண்டுவிட்டது.

கேள்வி: ரோமானியர் கட்டியவை 2,000 வருஷமாக நிற்கின்றன. நம் கான்கிரீட் 50 வருஷத்திலேயே பெயர்ந்து விழுகிறது. அவர்கள் நம்மைவிடக் கெட்டிக்காரர்களா?

நம் கான்கிரீட்டைப் பெரும்பாலும் கெடுப்பது உள்ளே இருக்கும் கம்பி. ஈரமும் உப்பும் இறங்கினால் கம்பி துருப்பிடிக்கும். துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும், அதனால் கான்கிரீட் உள்ளிருந்தே பிளக்கிறது. ரோமானியர் கம்பி போடவில்லை. கம்பியில்லாத கான்கிரீட் அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. ஆகவே சுமை முழுவதும் அமுக்கமாகவே இறங்கும்படி வளைவுகளும் குவிமாடங்களும் கட்டினார்கள்.

ரோம் நகரிலுள்ள பாந்தியனைப் பாருங்கள். சுமார் கி.பி. 126-இல் கட்டி முடித்தது. குவிமாடத்தின் விட்டம் 43.3 மீட்டர். கம்பியில்லாத கான்கிரீட் குவிமாடங்களில் இன்றுவரை அதுதான் பெரியது. அடியில் சுமார் 6 மீட்டராக இருக்கும் கனம் உச்சியில் 1.2 மீட்டராகக் குறைகிறது. கீழே கனத்த கல், மேலே போகப் போக எடை குறைந்த எரிமலை நுரைக்கல். இதைத் திட்டமிட்டவருக்கு எடை எந்த வழியாகத் தரைக்கு இறங்கும் என்பது அத்துபடி. இந்தக் கட்டடத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

ஒன்றை மறக்காதீர்கள். ரோமிலேயே மட்டமாகக் கட்டிய அடுக்குமாடி வீடுகள் அடிக்கடி இடிந்து விழுந்தன. நம் கண்ணில் படுவது தப்பி நின்றவை மட்டும்தான்.

கேள்வி: அந்தக் கான்கிரீட் தன் விரிசலைத் தானே அடைத்துக்கொள்ளும் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். ரோமானியக் கான்கிரீட்டில் சின்னச் சின்ன வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டிகள் இருக்கும். சரியாகக் கலக்காததால் வந்த குறை என்றே நெடுங்காலம் நினைத்தோம். 2023-இல் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் அத்மிர் மாசிக் குழு வேறு விளக்கம் தந்தது. நீற்றாத சுட்ட சுண்ணாம்பை அப்படியே சேர்த்துச் சூடாகக் கலந்ததால்தான் அந்தக் கட்டிகள் தங்கின. விரிசலில் நீர் புகுந்தால் கட்டி கரைந்து, மீண்டும் சுண்ணமாகப் படிந்து அடைத்துவிடும். அதே முறையில் புதிதாக வார்த்து, பிளந்து, நீர் விட்டுப் பார்த்தார்கள். இரண்டே வாரத்தில் கசிவு நின்றது. சுட்ட சுண்ணாம்பு சேர்க்காத துண்டில் நிற்கவில்லை.

கேள்வி: டெல்லி இரும்புத் தூண் துருப்பிடிக்காததற்கு என்ன ரகசியம்?

பாஸ்பரஸ். கரியில் உருக்கிய அந்த இரும்பில் அது அதிகமாகத் தங்கிவிட்டது. மேற்பரப்பில் மெல்லிய காப்புப் படலம் உருவாக உதவியது. இன்றைய ஆலைகளில் எஃகு நொறுங்கக்கூடாது என்று பாஸ்பரஸை முடிந்தவரை நீக்குகிறோம். மண்ணுக்குள் இருக்கும் பகுதியில் துரு உண்டு.

கேள்வி: பாக்தாத் பேட்டரி? அப்போதே மின்சாரம் இருந்ததா?

இல்லை. பாக்தாத் அருகே 1936-இல் கிடைத்த பழங்கால மண்ஜாடி அது. உள்ளே செப்புக் குழாய், இரும்புக் கோல், தார் அடைப்பு. புளித்த திரவம் ஊற்றினால் சிறிதளவு மின்னழுத்தம் வரத்தான் செய்யும். இரண்டு வேறு உலோகங்களை எலுமிச்சையில் செருகினாலும் வரும். கூடவே ஒரு கம்பியோ, மின்முலாம் பூசிய ஒரு பொருளோ கிடைக்கவில்லை. அக்காலத்துத் தங்க முலாமுக்குப் பாதரசமே போதும்.

கேள்வி: பிரமிடை வேற்றுக்கிரகவாசிகள் கட்டவில்லை என்று எப்படி உறுதியாகச் சொல்கிறீர்கள்?

வேலை செய்தவரின் குறிப்பேடே கிடைத்திருக்கிறது. 2013-இல் செங்கடல் ஓரம் வாதி அல்-ஜர்ஃப் என்ற இடத்தில் பியர் தாலே குழு பாப்பிரஸ் சுருள்களை எடுத்தது. மெரேர் என்ற மேற்பார்வையாளர், துராவில் வெட்டிய சுண்ணாம்புக்கல்லைப் படகில் ஏற்றிக் கீசாவில் பெரிய பிரமிடு கட்டும் இடத்துக்குக் கொண்டுபோனதை நாள்வாரியாக எழுதி வைத்திருக்கிறார். இன்னொன்று, ஜெகுதிஹோதெப் என்ற எகிப்திய ஆளுநரின் கல்லறை ஓவியம். பெரிய சிலையைச் சறுக்குக்கட்டையில் இழுக்க, ஒருவர் முன்னால் மணலில் நீர் ஊற்றுகிறார். வெறும் சடங்கு என்று பலர் ஒதுக்கினார்கள். சரியான அளவு ஈரம் இருந்தால் இழுக்கும் விசை பாதியாகிறது என்று 2014-இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தினர் அளந்து காட்டினார்கள். மெரேரின் உழைப்பை வேறு கிரகத்துக்குத் தாரைவார்ப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

கேள்வி: ஆன்டிகிதெரா கருவியை ‘பழங்காலக் கணினி’ என்பது மிகையா? அவ்வளவு தெரிந்தவர்களிடம் இன்னும் நிறைய இருந்திருக்க வேண்டுமே, மற்றவை எங்கே?

மிகையில்லை. சூரியன், சந்திரன் நகர்வையும் கிரகணங்களையும் காட்ட, சுமார் 2,000 வருஷத்துக்கு முன் கிரேக்கர்கள் செய்த கருவி அது. நிரல் மாற்ற முடியாது, ஆனால் கணக்கிடும் கருவிதான். எஞ்சியிருப்பவை 30 வெண்கலப் பல்சக்கரங்கள். ஒன்றுக்கு 223 பற்கள். கிரகணங்கள் 223 சந்திர மாதத்துக்கு ஒருமுறை அதே வரிசையில் திரும்பும் என்ற பாபிலோனியக் கணக்கு அது. சந்திரன் சில நாள் வேகமாகவும் சில நாள் மெதுவாகவும் நகர்வதைக்கூடக் காட்டினார்கள். மையம் சற்று விலகிய இரண்டு சக்கரங்கள், ஒன்றின் முளை மற்றதன் பள்ளத்தில் வழுக்கிச் செல்லும், அவ்வளவுதான். இதற்கு இணையான நுட்பம் ஐரோப்பாவில் 14-ஆம் நூற்றாண்டுக் கோபுரக் கடிகாரங்களில்தான் மறுபடி வருகிறது.

மற்றவை எங்கே என்றால், வெண்கலம் விலை மதிப்புள்ளது. பழுதானதை யாரும் மூலையில் போட்டு வைக்க மாட்டார்கள், உருக்கி வேறு பொருள் செய்துவிடுவார்கள். இந்த ஒன்றை உருக்கக் கை எட்டவில்லை. ஏற்றிச் சென்ற கப்பல் கடலில் மூழ்கிவிட்டது.