அந்த ‘வேறு கதை’யைச் சொல்லுங்கள்

கேள்வி: என் மகளுக்கு 23 வயது. கோவையில் வேலை. மாதாமாதம் தூரமாகும்போது வலி தாங்காமல் சுருண்டு விடுகிறாள். எண்டோமெட்ரியோசிஸ் என்கிறார் டாக்டர். ஓர் ஆராய்ச்சிக்கு ரத்தமும் விவரமும் கேட்டுப் படிவம் கொடுத்திருக்கிறார்கள். அவள் சரி என்கிறாள். மாப்பிள்ளை பார்க்கிற நேரத்தில் பெயர் வெளியே போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. எனக்கும் இதே வலி இருந்து, 34 வயதில் கர்ப்பப்பையை எடுத்துவிட்டோம், அது வேறு கதை. கையெழுத்துப் போட விடலாமா?
– ஒரு தாய், கோபிசெட்டிபாளையம்

பதில்: அம்மிணி, 23 வயதானவளின் கையெழுத்தை விடவோ தடுக்கவோ நீங்கள் யார்? முறையான ஆராய்ச்சி என்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதி இருக்கும். படிவத்தைத் தமிழில் கேட்டு வாங்கலாம். பெயருக்குப் பதில் குறியீட்டு எண் போடுவார்கள். பாதியில் விலகினாலும் வைத்தியம் நிற்காது. இதையெல்லாம் அவளே விசாரித்துக்கொள்வாள். ரத்தம் கொடுத்தால் வலி தீர்ந்துவிடும் என்று மட்டும் நம்ப வேண்டாம்.

என்னை உறுத்துவது அந்த ‘வேறு கதை’. உடம்பிலிருந்து ஓர் உறுப்பையே எடுத்திருக்கிறார்கள், அரை வரியில் தாண்டிப் போகிறீர்களே! எதற்காக எடுத்தார்கள்? கட்டியா, உதிரப்போக்கா, இதே நோயா? எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா, அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது? அம்மாவுக்கோ கூடப் பிறந்தவளுக்கோ இந்த நோய் இருந்தால் ஒரு பெண்ணுக்கு வரும் வாய்ப்பு அதிகம். வீட்டில் யாருக்காவது உண்டா என்று டாக்டர் கேட்டால் உங்கள் மகள் என்ன சொல்வாள்? அவளுக்கு இந்த விஷயம் தெரியுமா?

கர்ப்பப்பையின் உட்சவ்வு போன்ற திசு அதற்கு வெளியே, சூலகத்திலும் சிலருக்குக் குடலிலும் வளர்வதுதான் இந்த நோய். பையை எடுத்த பிறகும் சிலருக்கு வலி நிற்காததற்கு அதுதான் காரணம். சாதாரண ஸ்கேனில் ஒன்றும் தெரியாமலும் போகும். உலகில் பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் பத்தில் ஒருவருக்கு, ஏறக்குறைய 19 கோடிப் பேருக்கு, இது இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. இன்னும் அடியோடு தீர்க்க மருந்து இல்லை. பெண் உடம்பை ஆராய்வதில் அத்தனை அலட்சியம். கருத்தரிக்கும் வயதுப் பெண்களைப் புது மருந்துகளின் ஆரம்பச் சோதனைகளில் சேர்க்க வேண்டாம் என்று அமெரிக்க மருந்துத் துறை 1977-இல் சொன்னது, 1993-இல்தான் மாற்றிக்கொண்டது. ஜோல்பிடெம் என்ற தூக்க மாத்திரையின் அளவைப் பெண்களுக்குப் பாதியாகக் குறைக்கச் சொன்னதே 2013-இல். அதுவரை ஆணுக்குரிய அளவைத்தான் பெண்களும் விழுங்கினார்கள். பெண்களை ஆராய்ச்சிக்கு வெளியே நிறுத்தும் வேலையை அங்கே அரசின் அறிவுரை செய்தது, இங்கே நம் வெட்கம் செய்கிறது.

கல்யாணப் பேச்சுக்கு வருவோம். மறைத்துக் கட்டிக்கொடுத்தால் பின்னால் ஏச்சு வாங்கப்போவது நீங்கள் அல்ல, அவள். நானாக இருந்தால், மகளைக் கேட்டுக்கொண்டு மாப்பிள்ளை வீட்டில் முதலிலேயே சொல்லிவிடுவேன். எழுந்து போகிறவர்கள் போகட்டும், காபிச் செலவோடு போயிற்று. ஜாதகத்தைப் பத்திரமாக வைத்திருக்கிற வீட்டில் ஆபரேஷன் தாளையும் வைத்திருக்க வேண்டும், பெற்றவளுக்கு அதுவும் கடமைதான்.

பழைய ஃபைலைத் தேடுங்கள். இல்லாவிட்டால் ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரியில் கேளுங்கள். அங்கும் கிடைக்கவில்லையா, நினைவில் இருப்பதை மகளிடம் உட்கார்ந்து சொல்லுங்கள். அடுத்த முறை டாக்டரிடம் நீங்களும் கூடப் போங்கள். அப்புறம், உங்கள் அக்கா தங்கைகளுக்கு எப்படி இருந்தது என்றும் விசாரியுங்கள். அவர்களுக்கும் பெண் பிள்ளைகள் இருப்பார்களே.