வில்லி இல்லாத காதல் கதை: வாசகர் கேள்வி பதில்

நம் இதழில் 22 வாரம் வந்த என் தொடர்கதை போன மாதம் முடிந்தது. படிக்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முரளி திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். காதலித்துக் கல்யாணம் செய்துகொண்ட செல்விக்கு வேதாரண்யம் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர் வேலை கிடைக்கிறது. முதலில் தொகுப்பூதியம்தான். முரளியின் அப்பாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். இருவரும் ஆளுக்கொரு ஊரில் இருந்தே களைத்துப்போய், சேர்ந்தே விவாகரத்து மனு போடுகிறார்கள். மனு போட்ட பிறகு வரும் நாட்கள்தான் கதை. வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

ஒரு வில்லியோ, மாமியார் கொடுமையோ, பழைய காதலியோ இல்லாமல் இவ்வளவு அன்பான ஜோடி பிரியுமா? நம்ப முடியவில்லை, மேடம்.
*வாசகி, தேனி*

முப்பது வருடமாகக் காதல் கதை எழுதுகிறேன். முதல் பத்து வருடம் நானும் வில்லிகளை வைத்துத்தான் எழுதினேன். மாறிப்போன கடிதம், பாதி மட்டும் காதில் விழுந்த பேச்சு, யாரோ எடுத்த போட்டோ. அந்தக் கதைகளை இப்போது எடுத்துப் படித்தால், நாயகனும் நாயகியும் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசியிருந்தால் எட்டாவது பக்கத்திலேயே கதை முடிந்திருக்கும் என்று தோன்றுகிறது. பேசினால் தீர்ந்துவிடுகிற சிக்கலில் காதலுக்கு என்ன சோதனை?

முரளியும் செல்வியும் நிறையப் பேசுகிறார்கள். ஒளிவுமறைவே கிடையாது. பேசப் பேசத்தான் இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருப்பது தெரிகிறது. வேலையை விட்டால், படித்து எழுதி வாங்கிய அரசுப் பணியும் அதன் சீனியாரிட்டியும் போய்விடும். அப்பாவை விட்டுவிட்டு வர முரளியாலும் முடியாது. யார் மேலும் தப்பில்லாத ஒரு சண்டையில் யார் யாரிடம் மன்னிப்புக் கேட்பது? இந்தக் கேள்விதான் என்னை இந்தக் கதையை எழுத வைத்தது.

அப்பாவையும் கூட்டிக்கொண்டு முரளி நாகப்பட்டினத்துக்கே போயிருக்கலாமே? அங்கேயும் அரசு மருத்துவமனையில் டயாலிசிஸ் உண்டே.
*வாசகர், ஈரோடு*

உண்டு. காப்பீட்டு அட்டையும் செல்லும். ஆனால் முரளிக்குத் தெரிந்த ஒரே தொழில் பனியன் துணி வெட்டுவது. அது திருப்பூரில்தான் இருக்கிறது. அப்புறம் அந்தப் பெரியவரையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம் படுக்க வேண்டும். எழுந்து வந்தால் அன்றைக்கு முழுக்க உடம்பில் தெம்பு இருக்காது. பழகிய நர்ஸ், பழகிய கட்டில், வாசலில் நிற்கும் தெரிந்த ஆட்டோக்காரர் என்று அவருடைய உலகமே அவ்வளவுதான். அதையும் பிடுங்கிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

காதலைச் சொல்ல நீங்கள் ஒரு இடத்திலும் வசனம் எழுதவில்லை. அந்த "துடிப்பு இருக்கா?" மட்டும் மனதிலேயே நிற்கிறது. அதை எப்படிப் பிடித்தீர்கள்?
*கல்லூரி மாணவர், திருநெல்வேலி*

தம்பி, டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் பலருக்கும் கையில் ரத்தக் குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா வைத்திருப்பார்கள். அதன் மேல் விரலை வைத்தால் ரீங்காரம் போல ஒரு அதிர்வு தெரியும். தினமும் அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும். அதிர்வு நின்றிருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அந்தக் கையில் டயாலிசிஸுக்குத் தவிர வேறு ஊசி போடக் கூடாது, பிரஷர் பார்க்கக் கூடாது. என் பெரியப்பாவுக்கு இப்படித்தான் இருந்தது. காலையில் பெரியம்மா காபி டம்ளரைக் கொடுத்துவிட்டு அந்தக் கையைத் தொட்டுப் பார்ப்பார். நாங்கள் சின்னப் பிள்ளைகள். கொஞ்சுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு ஓடிவிடுவோம்.

செல்விதான் முரளிக்கு அதைத் தொட்டுப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவள். மனுவில் கையெழுத்துப் போட்ட மறுநாள் காலை ஏழு மணிக்கும் அவள் போன் வருகிறது: "மாமாவுக்குத் துடிப்பு இருக்கா?"

ஆறு மாதம் காத்திருக்கத்தான் வேண்டுமா? என் நண்பன் விஷயத்தில் தேவையில்லை என்று வக்கீல் சொன்னாரே.
*வாசகர், சேலம்*

இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவு 1976ல் சேர்க்கப்பட்டது. ஒரு வருடமாவது பிரிந்து வாழ்ந்தவர்கள், இருவரும் சம்மதித்து மனு கொடுக்கலாம். ஆறு மாதத்துக்குப் பிறகு, 18 மாதத்துக்குள், இருவரும் மறுபடி வந்து "எங்களுக்குச் சம்மதம்தான்" என்று சொல்ல வேண்டும். தீர்ப்புக்கு முன்னால் யார் வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். இனிச் சேர வழியே இல்லை, ஜீவனாம்சம், குழந்தை எல்லாம் பேசி முடித்தாயிற்று என்றால், அந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்ய நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்று 2017ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. உங்கள் நண்பரின் வக்கீல் சொன்னது சரி. என் கதையில் முரளியும் செல்வியும் அந்தத் தள்ளுபடியைக் கேட்கவே இல்லை. கவனித்தீர்களா?

கோபத்தில் ஒரு அறை அறையாத ஹீரோ என்ன ஹீரோ? முரளி ரொம்பச் சாது. உங்கள் பழைய நாவல்களில் ஹீரோவுக்கு ஒரு கம்பீரம் இருக்குமே!
*வாசகி, கும்பகோணம்*

இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் வேறு எதுவும் எழுத முடியவில்லை. ஆமாம், நான் அப்படி எழுதியிருக்கிறேன். அறைந்துவிட்டு அடுத்த அத்தியாயத்தில் மல்லிகைப் பூ வாங்கி வருகிற நாயகனை எழுதியிருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு புத்தகக் காட்சியில் என்னைச் சந்தித்த ஒரு பெண், "உங்க கதையில வர்ற மாதிரி அவரும் ஒருநாள் மாறிடுவார்னு ஏழு வருஷம் இருந்தேன்" என்றார். அவர் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதன் பிறகு அந்த நாவல்களை மறுபதிப்புக்கு நான் கொடுக்கவில்லை. அடிப்பது காதலுக்கு வந்த சோதனை இல்லை, குற்றம். வீட்டில் அடி வாங்கிக்கொண்டு இதைப் படிக்கும் சகோதரிகள் 181 என்ற மகளிர் உதவி எண்ணில் பேசுங்கள். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள்.

வேலைக்காகப் பிரிவது இந்தக் காலத்துப் பிரச்சினைதானே?
*வாசகி, சென்னை*

பொருள் தேடிப் பிரிகிற பாட்டு நம் அக இலக்கியத்தில் எத்தனை! குறுந்தொகை 135ல் "வினையே ஆடவர்க்கு உயிரே" என்று வருகிறது. ஆணுக்குத் தொழில்தான் உயிர், வீட்டிலிருக்கும் பெண்ணுக்கு அவன்தான் உயிர் என்று தலைவன் சொல்லியிருக்கிறான். அதைச் சொன்னவரே இப்போது போகமாட்டார், நீ அழாதே என்று தோழி தேற்றுகிறாள். என் கதையில் வேலைக்காக ஊரை விட்டுப் போகிறவள் செல்வி. வீட்டில் காத்திருப்பவன் முரளி. அவனைத் தேற்ற ஒரு தோழன்கூட இல்லையே என்று எழுதும்போதே எனக்கு வருத்தமாக இருந்தது.

18 மாதம் முடிந்தும் இருவரும் கோர்ட்டுக்குப் போகவில்லை என்று முடித்துவிட்டீர்கள். சேர்ந்துவிட்டார்களா, இல்லையா? சொல்லுங்கள் அம்மா.
*வாசகி, மதுரை*

என் சிநேகிதி ஒருத்தியின் வழக்குக்குத் துணையாக ஒரு குடும்ப நீதிமன்ற வராந்தாவில் பல நாள் உட்கார்ந்திருக்கிறேன். ஒருநாள் எதிர் பெஞ்சில் ஒரு கணவன் மனைவி, நடுவில் ஒரு ஆள் இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மாவின் மணிக்கட்டில் கட்டு. அவர் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்ததும், ஒரு வார்த்தை பேசாமல் கணவர் அதை வாங்கி, மூடியைத் திருகிக் கொடுத்தார். பெயர் கூப்பிட்டார்கள். உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்கள். அவர்களுக்குள் அன்பு தீர்ந்துபோயிற்று என்று இன்றுவரை என்னால் நினைக்க முடியவில்லை.

அதனால்தான் முரளியையும் செல்வியையும் பிரிக்கவும் மனம் வரவில்லை, அவசரமாகச் சேர்த்து வைக்கவும் தைரியம் வரவில்லை. செல்விக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. இடமாறுதல் கலந்தாய்வுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாள். பல்லடத்தில் காலியிடம் இல்லை, அவிநாசியில் ஒன்று வரலாம் என்கிறார்கள். எனக்கும் அதுவரைதான் தெரியும்.