வெளியிலிருந்து வீட்டுக் கணினியை அணுகுதல்: கேள்வி பதில்

புலாவ் தீக்குஸ் வாசகர்: ஐயா, வீட்டுக் கணினியின் முகவரி 192.168.1.5. கோலாலம்பூர் அலுவலகத்திலிருந்து அந்த எண்ணைக் கொடுத்தால் இணைப்பு கிடைப்பதில்லை.

அந்த எண் உங்கள் வீட்டுக்குள் மட்டுமே செல்லும். அதே எண் பக்கத்து வீட்டிலும் இருக்கலாம். வெளியே தெரிவது ரவுட்டரின் பொது முகவரி. அங்கு வரும் இணைப்பை எந்தக் கணினிக்கு அனுப்புவது என்று ரவுட்டருக்குச் சொல்லிவைப்பதுதான் போர்ட் ஃபார்வர்டிங். போர்ட் என்பது கணினியில் ஒவ்வொரு சேவைக்கும் உரிய எண்ணிட்ட வாசல். ஆனால் தொலைவிலிருந்து கணினியை இயக்க உதவும் விண்டோஸ் வசதியான ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 என்ற போர்ட்டை அவ்வாறு திறந்துவிடாதீர்கள். ரவுட்டரில் விபிஎன் (இணையத்தின் ஊடே அமையும் மறையாக்கப்பட்ட தனிப்பாதை) அமைத்து, அதன் வழியாக வீட்டு வலையமைப்புக்குள் நுழைந்தால் 192.168.1.5 அலுவலகத்திலிருந்தும் வேலை செய்யும்.

பட்டர்வொர்த் வாசகர்: போர்ட் ஃபார்வர்டிங் செய்தும் எதுவும் உள்ளே வரவில்லை.

ரவுட்டரின் வான் (WAN) முகவரியை, அதாவது இணையத்தை நோக்கிய பக்கத்தில் அதற்குக் கிடைத்த முகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையுள்ள எண்ணில் தொடங்கினால், இணையச் சேவை நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்தளிக்கிறது என்று பொருள்; இதற்கென்றே 2012-இல் ஒதுக்கப்பட்ட எண்கள் அவை. நீங்கள் ரவுட்டரில் எதை மாற்றினாலும் பயனில்லை. தனிப் பொது முகவரி கேளுங்கள். இல்லையேல், இரு கணினிகளும் தாமே வெளிநோக்கி இணைப்பைத் தொடங்கும் டெயில்ஸ்கேல் போன்ற சேவையைப் பயன்படுத்துங்கள்.

செந்தூல் வாசகர்: விண்டோஸ் ஹோம் போதுமா?

போதாது. ரிமோட் டெஸ்க்டாப்பில் பிற கணினிகளை அணுக அது உதவும். தன்னை அணுக விடாது. புரோ பதிப்பு வேண்டும்.

கெப்போங் வாசகர்: ரிமோட் டெஸ்க்டாப்புக்கு எந்தப் போர்ட்டைத் திறப்பது?

முதல் பதிலைப் படியுங்கள். எதையும் திறக்க வேண்டாம்.

பிரிக்ஃபீல்ட்ஸ் வாசகர்: அண்ணா, 3389-ஐ 50000 என மாற்றினால் போதும். மூன்று ஆண்டுகளாக எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

தம்பி, இதை நான் ஏற்கவில்லை. 65,535 போர்ட்களையும் தட்டிப் பார்க்கும் நிரல்கள் இரவு பகலாக இயங்குகின்றன. எண்ணை மாற்றினால் தட்டுபவர் குறைவார்களே தவிர, பூட்டு வலுப்பெறாது. 2019 மே மாதம் வெளிவந்த ப்ளூகீப் என்னும் ரிமோட் டெஸ்க்டாப் குறைபாடு, கடவுச்சொல் இல்லாமலே விண்டோஸ் 7 கணினிகளுக்குள் நுழைய வழிவிட்டது. அதன் தீவிரத்தால், ஆதரவு முடிந்துபோன விண்டோஸ் எக்ஸ்பிக்கும் மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது.

அதே வாசகர்: விபிஎன்னுக்கும் ஒரு போர்ட்டைத் திறக்கத்தானே வேண்டும்?

நியாயமான கேள்வி. வேறுபாடு, கதவைத் தட்டியவருக்குக் கிடைக்கும் மறுமொழியில் இருக்கிறது. ரிமோட் டெஸ்க்டாப் யார் தட்டினாலும் பதிலளித்து, தான் இருப்பதைக் காட்டிக்கொடுக்கிறது. வழக்கமாக 51820-இல் இயங்கும் வயர்கார்டு என்னும் விபிஎன்னோ, உரிய சாவியின்றி வரும் தரவுப் பொட்டலத்துக்கு மறுமொழியே தருவதில்லை. தட்டிப் பார்க்கும் நிரலுக்கு அங்கே ஏதேனும் இருப்பதே தெரியாது. 50000-இல் உங்களுக்கு அந்த மௌனம் கிடைக்காது.

ஜோர்ஜ்டவுன் வாசகர்: கணினி உறக்கநிலைக்குப் போய்விட்டால்?

பயாஸில் (கணினி தொடங்கும்போதே இயங்கும் அடிப்படை அமைப்புத் திரை) வேக் ஆன் லேனை, அதாவது வலையமைப்பு வழியே கணினியை எழுப்பும் வசதியை இயக்கி, கணினியைக் கம்பி வழியே ரவுட்டருடன் இணையுங்கள். எழுப்பும் பொட்டலம் வீட்டு வலையமைப்புக்குள்ளிருந்து கிளம்ப வேண்டும் என்பதால், அதை அனுப்பும் வசதி உங்கள் ரவுட்டரிலேயே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.