தனியார் என்றால் யாருடையது?

கேள்வி: வணக்கம் அம்மா. என் மகளுக்கு சிகாகோ பல்கலைக்கழகத்தில் முதுகலை படிக்க இடம் கிடைத்திருக்கிறது. தனியார் பல்கலைக்கழகம் என்கிறார்கள். பணம் கட்டினால் யாரையும் சேர்த்துக்கொள்ளும் இடமா? நகரத்துக்குள்ளேயே இருக்கிறதாம், அதுவும் பயமாக இருக்கிறது.
- ஒரு தந்தை, திண்டுக்கல்

பதில்: மகளுக்கு என் வாழ்த்து. அங்கே ஆறு வருடம் ஆராய்ச்சி மாணவியாக இருந்தவள் நான். இடம் கிடைப்பது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும்.

தனியார் என்றால் அரசு நடத்தவில்லை, அவ்வளவுதான். லாபத்தைப் பங்கு போட்டுக்கொள்ள அங்கே முதலாளி யாரும் கிடையாது. எண்ணெய் வியாபாரி ராக்ஃபெல்லர் கொடுத்த பணத்தில் 1890-இல் உருவானது. ஆனால் அவர் வீட்டுச் சொத்தாகவில்லை, அறங்காவலர் குழுதான் நிர்வகிக்கிறது. 1892-இல் வகுப்பு தொடங்கியபோதே பெண்களையும் சேர்த்துக்கொண்டார்கள்.

அங்கே ஆராய்ச்சிதான் உயிர். 1942 டிசம்பர் 2 அன்று, விளையாட்டு மைதானத்துப் படிக்கட்டுகளுக்கு அடியில் இருந்த ஒரு கூடத்தில், இயற்பியலாளர் என்ரிகோ ஃபெர்மியின் குழு, ஓர் அணுவின் பிளவு அடுத்தடுத்த அணுக்களைப் பிளக்கும் தொடர் அணுக்கரு வினையை முதன்முதலாகக் கட்டுப்பாட்டோடு நடத்திக் காட்டியது. இப்போது அந்த இடத்தில் ஹென்றி மூரின் வெண்கலச் சிற்பம் நிற்கிறது. பக்கத்திலேயே பெரிய நூலகம். என் மாலைகளெல்லாம் அந்த நூலகத்தில்தான் கழிந்தன. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த வானியற்பியலாளர் சந்திரசேகர் 1937-இல் அங்கே சேர்ந்து கடைசிவரை இருந்தார். அவரிடம் படித்த லீ, யாங் இருவருக்கும் 1957-இல் நோபல் கிடைத்தது. அவருக்குக் கிடைத்ததோ 1983-இல்! குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன ஏ.கே. ராமானுஜனும் அங்கேதான் பாடம் நடத்தினார். நினைத்தால் இன்றும் மனசு நிறைகிறது.

நகர மையத்திலிருந்து தெற்கே பதினொரு கிலோமீட்டர் தள்ளி, ஹைட் பார்க் என்ற குடியிருப்புப் பகுதியில் இருக்கிறது. பெருநகரம்தான், இரவில் கவனமாக இருக்கத்தான் வேண்டும். பல்கலைக்கழகத்துக்கென்றே தனிக் காவல்துறை உண்டு, இரவுப் பேருந்தும் உண்டு. தனியாக நடக்காமல் அதில் ஏறச் சொல்லுங்கள்.

என் கவலை கட்டணம் பற்றித்தான். முனைவர் பட்டத்துக்குப் பெரும்பாலும் உதவித்தொகை கிடைக்கும். முதுகலைக்கு அப்படி இல்லை. வீட்டை அடமானம் வைக்கும் முன் எவ்வளவு தள்ளுபடி என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அப்புறம், இல்லினாய் மாநில அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றும் சிகாகோவில் இருக்கிறது. கடிதத்தில் எந்தப் பெயர் என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

குளிர்காலத்துக்கான கோட்டு இங்கே வாங்க வேண்டாம். ஜனவரியில் மிச்சிகன் ஏரிக்காற்றைத் தாங்கும் கோட்டு அங்கேதான் கிடைக்கும்.